இடது கதவில் இருந்தவன்

வெக்ஸ்கம் மாளிகையின் மேற்கு அறை அலமாரியில், இடது கதவின் மேல், ஜேபெஸ் டன்னர்ட் என்ற மனிதன் ஏழு ஆண்டுகள் ஒட்டப்பட்டிருந்தான். ஒட்டியது அவன் மனைவி லெட்டிஸ். அதற்கு அவள் வஜ்ஜிரப் பசையைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தவில்லை. மந்திரம், மாயம் எதுவும் அவளுக்குத் தெரியாது என்பதை எங்கள் ஊர்ப் பாதிரியாரே விசாரித்து உறுதி செய்திருக்கிறார். அந்த ஏழு ஆண்டுகளில் எங்கள் பக்கம் இரண்டு முறை கோதுமை பொய்த்தது, ஆற்றுப்பாலம் ஒருமுறை அடித்துக்கொண்டு போனது, அமெரிக்கக் குடியேற்றங்கள் மன்னரின் கையை விட்டுப் போயின. கதவில் இருந்தவனைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. அவளைப் பற்றித்தான் பேசினோம்.

அவர்கள் லண்டன்காரர்கள். சோஹோவில் க்ரண்டல் என்பவரின் மரப்பட்டறை நான்கு மாடிக் கட்டடம். உச்சி மாடியில் மரத்தில் மரம் பதிக்கும் சித்திர வேலை நடக்கும். காகிதத்தைவிடக் கொஞ்சம் தடித்த மரத்தகடுகளை அடுக்கி, மேலே வரைபடத்தை ஒட்டி, மயிரிழை ரம்பத்தால் பூவும் இலையுமாக அறுத்தெடுப்பது ஜேபெஸின் வேலை. அறுத்த துண்டுகளுக்கு நிழல் கொடுப்பது லெட்டிஸின் வேலை. இரும்புச் சட்டியில் மணலைக் காய்ச்சி, சாமணத்தால் இலையைப் பிடித்து ஒரு மூச்சு நேரம் மணலில் செருகி எடுத்தால் ஓரம் பழுப்பேறி இலை வளைந்து நிற்பதுபோல் தெரியும். இரண்டு மூச்சு வைத்தால் கரி. அவள் கை கரியாக்கிய துண்டுகள் மிகக் குறைவு. ஜேபெஸ் கல்யாணத்துக்கு முன்பு ஒரு சரக்குக் கப்பலில் தச்சனுக்குத் துணையாக இரண்டு வருடம் போய்வந்தவன். அதைத் தெருவில் எவனோ கடற்படை ஆள்பிடிப்பவர்கள் காதில் போட்டுவிட்டான். அமெரிக்கப் போர் தொடங்கியிருந்த காலம். கப்பல்களுக்கு ஆள் போதவில்லை. கப்பல் தாரின் வாசனை அறிந்தவன் எவனானாலும் தடியால் அடித்து இழுத்துப் போனார்கள். லெட்டிஸின் இரண்டு அண்ணன்மாரையும் முந்தைய போரில் அப்படித்தான் கொண்டுபோனார்கள். ஒருவன் உடம்புகூடத் திரும்பவில்லை.

ஆள்பிடிப்பவர்கள் வந்தது ஒரு அக்டோபர் மாத முற்பகல். படிக்கட்டு ஒன்றுதான், அதில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்தால் நாலு மாடிக்குக் கீழே கல் பாவிய தெரு. மேஜையில் வெக்ஸ்கம் சீமாட்டிக்குப் போகவேண்டிய அலமாரியின் இடது கதவு கிடந்தது. பட்டுப்போல் மின்னும் மஞ்சள் மரத்தகடு போர்த்திய கதவு. நடுவில் முட்டை வடிவப் பள்ளத்தில் அப்போதுதான் பசை தடவியிருந்தாள். அதில் பதிக்கவேண்டிய பூச்சாடி துண்டு துண்டாகத் தட்டில் காத்திருந்தது. அழுத்துப் பலகையும் சுடச்சுடத் தயார். லெட்டிஸ் கணவனைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.

"படு" என்றாள்.

"எங்க?"

"கதவுமேல. மூச்சு மொத்தத்தையும் வெளிய விட்டுட்டுப் படு."

ஜேபெஸ் மனைவியை எதிர்த்துப் பேசிப் பழகியவன் இல்லை. படுத்தான். அவள் பலகையை மேலே போட்டுத் திருகுகளை முடுக்கினாள். கதவு இரண்டடி உயரம்கூட இல்லை, அவனோ ஆறடிக்குக் கொஞ்சம் குறைந்தவன். அது எப்படிப் பொருந்தியது என்று பின்னாளில் பலர் கேட்டபோது, திருகைத் திருப்புகிறவளுக்கு அளந்து பார்க்க நேரம் ஏது என்றாள். கடைசிச் சுற்று முடியவும் அதிகாரி ஆறு தடியர்களோடு உள்ளே வரவும் சரியாக இருந்தது.

அவர்கள் மரச்சீவல் குவியலைக் கிளறினார்கள், புகைபோக்கிக்குள் ஈட்டியை விட்டுக் குத்தினார்கள். அதிகாரி அவளைச் சுற்றி வந்தான். "என்னம்மா, புருஷன் பசைச் சட்டியில கரைஞ்சிட்டானா? கலக்கிப் பாரு, பொத்தானாவது மிதக்கும்" என்றான். தடியர்கள் சிரித்தார்கள். பிறகு அவன் அழுத்துச் சட்டத்தின் மேல் கையை வைத்து, இதற்குள் என்ன என்று கேட்டான்.

"சீமாட்டி வீட்டுக் கதவு. இப்பத் திறந்தா பசை விட்டுடும். தாராளமாத் திறங்க, யார் திறந்தாங்கன்னு அவங்க கேட்டா உங்க பேரைச் சொல்றேன்."

அவன் கையை எடுத்துக்கொண்டான். ஆனால் போகவில்லை, கீழே மதுக்கடையில் இரண்டு பேரை உட்காரவைத்துவிட்டான். அன்று முழுக்கவும் அவர்கள் மாற்றி மாற்றி மேலே ஏறி வந்து எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் காலையில்தான் அவளால் திருகைத் தளர்த்த முடிந்தது. பசை அதற்குள் இறுகிவிட்டிருந்தது. ஜேபெஸ் கதவோடு கதவாக, விரலால் தடவினால் விளிம்பே தட்டாதபடி சமமாகப் பதிந்திருந்தான். முகமும் கைகளும் வெள்ளை ஹாலி மரம், கால்சட்டை கருங்காலி, அவுரியும் மஞ்சளும் கலந்து சாயமேற்றிய பச்சை மேலங்கி, கண்களில் ஒரு பொட்டு நீலம். முகத்தின் ஒரு பக்கம் மெல்லிய பழுப்பு நிழல் விழுந்திருந்தது. அதை அவள் கொடுக்கவில்லை. மூச்சை வெளியே விட்ட நிலையிலேயே உதடுகள் லேசாகத் திறந்திருந்தன.

க்ரண்டல் வந்து வரைபடத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பூச்சாடி எங்கே என்று கேட்டார். லெட்டிஸ் நடந்ததைச் சொன்னாள். அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மனிதர் கெட்டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறையைப் பூட்டிக்கொள், எடுத்துப் பார் என்று சாவியைக் கொடுத்தார். அவள் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியின் சூட்டை மெதுவாக ஏற்றி, வலது காலணியின் நுனியில் கத்தியை விட்டாள். நுனி எழும்பியது, எழும்பிய வேகத்தில் ரொட்டி ஓடுபோல் ஒடிந்தது. கதவில் ஜேபெஸின் முகம் சுருங்கியது. மர இழைகள் புருவத்தில் நெருக்கமாகக் கூடுவதை அவள் கண்ணால் பார்த்தாள். ஒடிந்த துண்டை அதே இடத்தில் ஒட்டி, இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு மாலைவரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு கத்தியை அவன் பக்கம் கொண்டுபோக அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. கழுத்து ஒடிந்தால் என்ன செய்வது? போர் முடியட்டும், அதற்குள் வழி கண்டுபிடிக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆனால் அலமாரி அவளுடையது அல்ல. சீமாட்டியின் காரியஸ்தர் வந்து பார்த்துவிட்டு, பூச்சாடியைவிட ஆள் நன்றாக இருக்கிறான், ஆனால் ஒரு கதவில் ஆள், மறு கதவில் சாடி என்றால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், இவனுக்கு ஜோடி வேண்டும் என்றார். அவர் சொன்னது தொழில் நியாயம். இடமும் வலமும் ஒத்துப்போகாத அலமாரியை யாரும் வாங்குவதில்லை. க்ரண்டல் ஒரு ஜெர்மன்காரரை வைத்து வலது கதவுக்கு ஒரு பெண்ணை அறுக்கச் செய்தார். வனதேவதை, தோளில் நழுவும் ஆடை, ஜேபெஸை நேருக்கு நேர் பார்க்கும் பார்வை. நிழல் கொடுக்கும் வேலை லெட்டிஸிடம்தான் வந்தது. தேவதையின் கன்னத்தை மணலில் கொஞ்சம் அதிகமாகவே வைத்துவிட்டாள். காரியஸ்தர் அது வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்.

வைக்கோல் பொதிந்து அலமாரி வண்டியேறியபோது லெட்டிஸ் அதே வண்டியின் பின்னால் நடந்தே வந்தாள். பாத் நகரச் சாலையில் மழை பிடித்துக்கொண்டது. வண்டிக்காரனிடம் அவள் மறுபடி மறுபடி கேட்டது ஒன்றுதான், தார்ப்பாய் ஒழுகுகிறதா என்று. மாளிகையில் வேலைக்காரிகளை நிர்வகித்த பர்கிஸ் அம்மா அவள் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மேற்கு அறையைத் துடைத்துப் பெருக்க அவளைச் சேர்த்துக்கொண்டாள்.

அங்கேதான் வெயில் வில்லனானது. சாயமேற்றிய மரம் வெயிலைத் தாங்காது. ஒரே கோடையில் பச்சை வைக்கோல் நிறமாகும், நீலம் சாம்பலாகும். மேற்கு அறையில் பிற்பகல் முழுவதும் வெயில் அலமாரியின் மேலேயே விழுந்தது. லெட்டிஸ் ஜன்னல் கதவுகளைச் சாத்தினாள்; சீமாட்டி திறக்கச் சொன்னார். அவருடைய கணவர் அதே அறையில், ஜன்னல்கள் சாத்திய இருட்டில், ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடந்து செத்தவர். அன்றிலிருந்து அந்த வீட்டில் பகலில் எந்த ஜன்னலையும் சாத்தக் கூடாது என்பது சட்டம். லெட்டிஸ் மறுபடி சாத்தினாள், மறுபடி பிடிபட்டாள். காரணத்தைச் சொன்னாள். சீமாட்டி காதில் வாங்கிக்கொண்டு, சம்பளப் பாக்கியைக் கொடுத்து அனுப்பிவிடும்படி பர்கிஸ் அம்மாவிடம் சொன்னார்.

மறுநாள் பிற்பகல் லெட்டிஸ் ஒரு பழுப்புக் கம்பளிப் போர்வையை எடுத்துக்கொண்டு வெளிப்பக்கம் அந்த ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் போர்வையை விரித்துப் பிடித்தாள். அதன் நிழல் கண்ணாடி வழியே உள்ளே போய் இடது கதவின் மேல் விழுந்தது. சூரியன் நகர நகர அவளும் நகர்ந்தாள். தோட்டக்காரர்கள் இழுத்துப்போய் வாசலுக்கு வெளியே விட்டார்கள். அடுத்த நாள் வேலியைத் தாண்டி வந்தாள். சில வாரங்களில் தோட்டக்காரர்களுக்கும் சலித்துவிட்டது. காலையில் ஊரில் துணி வெளுப்பாள், பிற்பகல் போர்வையோடு நிற்பாள், மழை நாளில்தான் அவளுக்கு ஓய்வு. வெயில் காயும் நாளில் ஊரே மகிழ்ந்தது, அவள் ஒருத்தி வானத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். வலது கதவின் தேவதைக்கு அவள் நிழல் கொடுக்கவே இல்லை. அது இரண்டே வருடத்தில் வெளுத்துப்போய் மோர் நிறமாயிற்று. போர்வையைத் தாண்டியும் வெளிச்சம் கசியாமல் இல்லை. அவளுடைய கழுத்தும் கைகளும் கறுத்துக்கொண்டே வர, உள்ளே ஜேபெஸ் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே வந்தான். முதலில் மேலங்கி போயிற்று. பிறகு கண்கள். சில பிற்பகல்களில் அவள் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்தவர்கள் உண்டு. அப்போதும் கைகளைக் கீழே இறக்கவில்லை.

ஜேபெஸ் கதவில் ஒட்டிய ஆறாவது ஆண்டில் சீமாட்டியின் ஒரே மகன் பெரிக்ரின் மேற்கிந்தியக் கடலில் பீரங்கிக் குண்டுபட்டு இறந்தான். யாரும் பிடித்துப் போகவில்லை, தானே ஆசைப்பட்டுக் கடற்படையில் சேர்ந்த பையன். பதினாறு வயது. செய்தி வந்த நாளிலிருந்து சீமாட்டி மேற்கு அறையிலேயே உட்கார ஆரம்பித்தார். நாற்காலியை அலமாரிக்கு எதிரே போட்டுக்கொண்டு இடது கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே போர்வை, உள்ளே கறுப்பு உடை, நடுவில் அவன். அடுத்த வசந்தத்தில் சமாதானம் அறிவிக்கப்பட்டது. மாலுமிகளைக் கப்பலிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். லெட்டிஸ் அன்றுதான் முதல்முறையாக முன்வாசல் வழியே போனாள்.

"சண்டை முடிஞ்சிருச்சும்மா. இனிமே என் புருஷனை யாரும் பிடிக்க வரமாட்டாங்க. எடுத்துக்கறேன்."

"எடுத்துட்டா அந்த இடத்துல என்ன இருக்கும்?"

"ஓட்டைதான் இருக்கும்."

"ஓட்டை என்கிட்ட ஏற்கெனவே இருக்கு" என்றார் சீமாட்டி. பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "என் பையன் கிளம்பின அன்னிக்கு நீ இந்த ஜன்னல்ல நின்னுட்டிருந்தே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவனையும் எங்கயாவது ஒட்டி வெச்சிருப்பேனே."

தான் சொன்னதால்தானே வேலையே போயிற்று என்று லெட்டிஸ் நினைவுபடுத்தவில்லை. மண்டியிட்டுக் கெஞ்சினாள். சீமாட்டி கையசைத்தார், பர்கிஸ் அம்மா அவளை வெளியே கூட்டிப்போனாள். அன்று பிற்பகலும் அவள் போர்வையோடு வந்து நின்றாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டுக் கோடையை எங்கள் ஊர் மறக்காது. ஜூன் கடைசியில் வானத்தை ஒரு காய்ந்த மூட்டம் வந்து மூடியது. புகையும் இல்லை, பனியும் இல்லை. பட்டப்பகலில் சூரியன் வெட்டிய ஈரல்போல் சிவந்து தொங்கியது. காலையில் அறுத்த ஆடு மாலைக்குள் நாறியது. போர்வையால் வெயிலைத்தான் மறைக்க முடியும், வெக்கையை மறைக்க முடியாது. ஜூலையில் ஒரு பிற்பகல் மேற்கு அறையில் துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். ஜேபெஸின் இடது தோளிலிருந்து ஒரு விரிசல் புறப்பட்டிருந்தது. சீமாட்டி எழுந்து நெருங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கழுத்துப் பக்கம் ஒரு நகத்தின் அகலம் நகர்ந்தது. கதவில் அவன் கண்கள் இறுக மூடிக்கொண்டன. சீமாட்டி ஜன்னலுக்கு ஓடி, இரு கைகளாலும் அதைத் தள்ளித் திறந்தார்.

"உள்ள வா" என்றார். "அவன் உடையறான்."

லெட்டிஸ் ஜன்னல் வழியாகவே ஏறிக் குதித்தாள். விரிசலைப் பார்த்தாள், கதவைத் தட்டிப் பார்த்தாள். உள்ளே பொக்கென்று சத்தம் கேட்டது. அவனை உடைத்துக்கொண்டிருந்த அதே வெக்கை, ஏழு வருடப் பசையையும் காயவைத்துப் பொடியாக்கியிருந்தது. இப்போது சூடும் வேண்டாம், ஈரமும் வேண்டாம். மெல்லிய கத்தி போதும். ஆனால் எழும்பும்போது சிதறிப்போகாமல் பிடித்துக்கொள்ள முகப்பில் காகிதம் ஒட்டவேண்டும். மெல்லியதாக, உறுதியாக, மெருகு இல்லாததாக இருக்கவேண்டும். மாளிகையில் இருந்த காகிதங்களெல்லாம் தடித்தவை, சமையற்கட்டில் இருந்தவை எண்ணெய் பிடித்தவை. விரிசல் காலர் எலும்பைத் தொட்டது. சீமாட்டி மாடிக்குப் போய் ஒரு கட்டுடன் இறங்கி வந்தார். பெரிக்ரின் கப்பலிலிருந்து எழுதிய கடிதங்கள்.

"மாவுப்பசை போட்டு ஒட்டணும்மா. அப்புறம் நனைச்சு உரிக்கணும். கூழாயிடும், திரும்பக் கிடைக்காது."

"எனக்கு மனப்பாடம்" என்றார் சீமாட்டி.

லெட்டிஸுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்தப் பக்கம் எழுத்து இருக்கிறது என்று பார்க்கும் நிலையிலும் அவள் இல்லை. எழுத்து கீழே இருக்கும்படியே ஒட்டிவிட்டாள். காகிதம் காய்ந்ததும் காலில் தொடங்கி, மயிரளவு மயிரளவாகக் கத்தியை உள்ளே தள்ளினாள். முழங்கால் வந்தது, இடுப்பு வந்தது. கழுத்துக்கு வந்ததும் அவள் கத்தியை நிறுத்தினாள். சீமாட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. ஒரு சின்னச் சத்தத்தோடு அவன் மொத்தமாக எழும்பி வந்தான். கனமே இல்லை. லெட்டிஸ் அவனைக் காகிதம் கீழே இருக்கும்படி ஒரு பலகையில் கவிழ்த்துப் போட்டாள், பின்புறம் ஒட்டியிருந்த பழைய பசையைச் சுரண்டினாள். பிறகு கத்தியைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெயில் ஒருநாளும் படாத பக்கம் அது. மேலங்கி பச்சைப் பசேல் என்று இருந்தது. கண்களின் நீலம் ஈரமாக மின்னியது. நிழல் விழுந்த கன்னம் மட்டும் இடதும் வலதும் மாறியிருந்தது. மரத்துக்குப் பின்பக்கம் என்று தனியாக ஒன்று கிடையாது, நிறம் அடிவரை ஓடும் என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். ஏழு வருடம் வெளியே நின்றதில் அது நினைவுக்கே வரவில்லை. அப்படியே, அந்தப் பக்கமே முன்பக்கமாக, பால்பண்ணை அறையின் குளிர்ந்த கல்மேடையில் ஈரத்துணி விரித்து அவனைக் கிடத்தினார்கள். அடியில் இருந்த காகிதம் நனைந்து கூழாகி வழிந்தது. சாயங்காலத்துக்குள் அவன் ஒரு ஓட்டின் தடிமனுக்கு வந்தான், பிறகு ரொட்டியளவு உப்பினான், நீளவும் ஆரம்பித்தான். பர்கிஸ் அம்மா மேடையில் இருந்த வெண்ணெய்ச் சட்டிகளை எடுத்து அவனுக்கு இடம் பண்ணினாள். சிவந்த சூரியன் இறங்கும் நேரத்தில் அவன் உதடுகள் பிரிந்து முதல் மூச்சை உள்ளே இழுத்தான். கண்ணைத் திறந்து, தன் மேல் குனிந்திருந்த கறுத்த, நரைத்த பெண்ணைப் பார்த்தான்.

"போயிட்டாங்களா?" என்று ரகசியமாகக் கேட்டான்.

"போயிட்டாங்க" என்றாள் லெட்டிஸ்.

"நீ ஏன் இப்படி இருக்கே?"

அதற்குத்தான் அவள் அழுதாள். பால்காரிகள் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அவர்கள் லண்டனுக்குத் திரும்பவில்லை. ஆற்றோரம் ஒரு குடிசை எடுத்துக்கொண்டு எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். ஜேபெஸுக்கு இதயம் வலப்பக்கம் துடித்தது. மருத்துவர் அதைக் கேட்டுவிட்டு, வலப்பக்கமானால் என்ன, துடிக்கிறதே என்றார். வலக்கைக்காரனாக இருந்தவன் இடக்கையால் ரம்பம் பிடித்தான், வேலையில் குறை எதுவும் இல்லை. மனைவியைவிட ஏழு வயது இளையவனாகிவிட்டதற்காக மதுக்கடையில் அவனைக் கேலி செய்தார்கள். அவன் சிரித்துவைப்பான், வீட்டில் சொல்லமாட்டான். கதவில் ஆள் வடிவில் இருந்த வெற்றிடத்தை அடைக்க வேண்டாம் என்று சீமாட்டி சொல்லிவிட்டார். அறையின் ஜன்னலை இப்போதெல்லாம் பிற்பகலில் சாத்துகிறார்கள்.

கடிதங்கள் மனப்பாடம் என்று சீமாட்டி சொன்னது உண்மையில்லை. அவர் உண்மை என்று நினைத்துத்தான் சொன்னார். அடுத்த கோடைக்குள் வரிகள் கழன்றுபோக ஆரம்பித்தன. முதலில் துறைமுகங்களின் பெயர்கள், பிறகு மகன் கேட்டனுப்பிய பொருட்கள், பிறகு அவன் கடிதத்தை எப்படி முடிப்பான் என்பதே. அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். பர்கிஸ் அம்மா பயந்துபோய்த் துணி வெளுக்க வந்த லெட்டிஸிடம் சொன்னாள். லெட்டிஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் கணவனின் முதுகில் ஏதோ எழுத்து இருக்கிறது, அவன் வளர்ந்தபோது அதுவும் கூடவே வளர்ந்தது, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை, தனக்குப் படிக்கத் தெரியாது, அதுவும் தலைகீழாகவோ என்னவோ இருக்கிறது என்றாள்.

அன்றிலிருந்து பெரிக்ரினின் பிறந்தநாளில் ஜேபெஸ் மாளிகைக்குப் போய்வருகிறான். மேற்கு அறையில் சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு முக்காலியில் திரும்பி உட்காருவான். கடிதங்களின் மை இடம்வலம் மாறித்தான் அவன் மேல் படிந்திருந்தது; சீமாட்டி பின்னால் உட்கார்ந்து, முகம் பார்க்கும் கைக்கண்ணாடியில் அதைப் பார்த்து, பிஸ்கோத்தில் புழு இருந்தது, கேப்டனின் ஆடு கடலில் விழுந்துவிட்டது, இன்னும் இரண்டு ஜோடிக் காலுறை அனுப்புங்கள் அம்மா என்று சத்தமாக வாசிப்பார். ஜேபெஸுக்கு வயதாகி முதுகு கூனியதில் சில வரிகள் மடிப்புக்குள் போய்விட்டன. "கொஞ்சம் நிமிந்து உட்காருப்பா" என்பார் சீமாட்டி, அவன் நிமிர்ந்து உட்காருவான். வாசித்து முடித்ததும் பர்கிஸ் அம்மா அவனுக்கு ஆட்டுக்கறியும் பீரும் கொடுத்து அனுப்புவாள். அறை குளிர்ந்தால் கணப்பு மூட்டுவார்கள். ஆனால் அவனை அதன் பக்கத்தில் உட்காரவைப்பதில்லை.